கல் தாளில் அச்சு நிற்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். சுங்கை சிப்புட்டில் செம்பனை நாற்றங்கால் வைத்திருக்கிறோம். கன்றுப் பைகளில் கட்டும் பிளாஸ்டிக் அட்டையை விட்டுவிட்டுக் கல் தாளுக்கு மாறப் பார்க்கிறேன். கன்றை ஏற்றிப் போன பிறகு கிழிந்த பிளாஸ்டிக் துண்டுகள் மண்ணிலேயே கிடக்கின்றன, பார்க்கப் பொறுக்கவில்லை. கல் தாளிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பாலிஎத்திலீன்தான், தெரியும். மீதி சுண்ணாம்புக்கல் தூள். அந்த அளவாவது குறையட்டும்.

பிப்ரவரியில் 200 மைக்ரான் தாள், ஏ4 அளவில் 500 வாங்கினேன். லேசர் பிரிண்டரில் விட்டதும் இரண்டாவது தாளே சுருண்டு உருளையில் ஒட்டிக்கொண்டது. பாலிஎத்திலீன் 130 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், பிரிண்டருக்குள் சூடு அதைவிட அதிகம் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்க்ஜெட் மை மறுநாளும் காயவில்லை. விரல் பட்டதும் ரக எண் முழுக்க நீலக் கோடாக இழுத்துக்கொண்டது. பால்பாயிண்ட் பேனா அருமையாக எழுதுகிறது, மழைக்கும் அழியவில்லை. ஆனால் 3,000 கன்றுக்குக் கையால் எழுத ஆள் இல்லை. மார்க்கர் மூன்று மாத வெயிலில் வெளிறிவிட்டது. ஈப்போவில் ஆஃப்செட் அச்சகத்தில் (தகடு செய்து அச்சடிப்பவர்கள்) கேட்டேன். அட்டைக்கு அட்டை எண் மாறுவதால் கட்டுப்படியாகாது என்றார்கள்.

அட்டை 10 மாதம் திறந்த வெளியில் நிற்க வேண்டும்.

ரெசின் ரிப்பன் (பிசின் கலந்த மை நாடா) போடும் லேபிள் பிரிண்டரில் கல் தாளை அச்சடித்து, இவ்வளவு காலம் வெயிலில் எழுத்து நின்றதை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?