விலையில்லா மடிக்கணினிக்கு லினக்ஸ் நிறுவிய அனுபவம்

தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப காலத்தில் என் தங்கைக்குக் கிடைத்த கணினி, அவள் வேலைக்குப் போன பிறகு பரணிலேயே கிடந்தது. அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா, கோயில் வரவு செலவுக் கணக்கையும் தம் கட்டுரைகளையும் எழுத ஒரு கணினி வேண்டும் என்று கேட்டபோது, புதிதாக வாங்குவதற்கு முன் இதை ஒரு முறை முயன்று பார்ப்போம் என்று இறக்கினேன். அவர் இப்போது அன்றாடம் அதில்தான் எழுதுகிறார். பழைய கணினியை எடுத்து வைத்துக்கொண்டு தயங்கும் நண்பர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: இலகுவான இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி வன்தட்டிலும் இணைய உலாவியிலும் இருக்கிறது.

பின்மூடியைக் கழற்றியபோது, விசிறிக்கும் வெப்பம் கடத்தும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளித் துணிபோலத் தடித்துப் படிந்திருந்தது. காற்று வெளியேற வழியில்லாமல் செயலி சூடாகும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் அந்தத் தூசி இருக்கும்வரை கணினி மந்தமாகவே இருந்திருக்கும். சிறு தூரிகையால் அதை எடுத்துவிட்டு, செயலியின் மேல் காய்ந்து போயிருந்த வெப்பப் பசையையும் மாற்றினேன். கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டும், பலகையில் இருந்த சிஆர்2032 பட்டன் பேட்டரியும் தீர்ந்திருந்தது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி கருதி, ஏறத்தாழ எந்த இணையதளத்தையும் திறக்க மறுக்கும். இணைப்பில்தான் கோளாறு என்று எண்ணிப் பலர் வீணாக அலைகிறார்கள்.

அடுத்தது வன்தட்டு. தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் அதன் ஸ்மார்ட் அறிக்கையில் பழுதான பகுதிகளின் எண்ணிக்கை ஏறியிருந்ததால், 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்; சாட்டா என்பது அதை இணைக்கும் முறை) ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். பழைய கணினியின் சாட்டா இணைப்பு எஸ்எஸ்டியின் முழு வேகத்தையும் தராது என்று சிலர் தயங்குகிறார்கள். அது உண்மைதான், ஆனால் நமக்குத் தேவைப்படுவது பெரிய கோப்புகளை நகலெடுக்கும் வேகம் அன்று. நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளை அங்கும் இங்குமாகத் தேடிப் படிக்கும் வேகமே தேவை, அதில் சுழலும் தட்டு எஸ்எஸ்டியின் அருகில்கூட வர முடியாது. செலவு செய்ய ஒரே ஒரு பொருளுக்குத்தான் வாய்ப்பு என்றால், நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கணினியில் இருந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 32 பிட் எனும் பழைய வடிவில் மட்டுமே வெளிவந்தது, அதனால் செயலியும் 32 பிட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பென்டிரைவிலிருந்து லைவ் முறையில் (நிறுவாமலே) லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கிப் பார்த்தபோது செயலி 64 பிட் வகை என்று தெரிந்தது. எனவே 64 பிட் டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையை இலகுவான எல்எக்ஸ்கியூடி திரைச்சூழலோடு நிறுவினேன். லுபுண்டு என்ற லினக்ஸ் வகையும் இதே திரைச்சூழலைத்தான் பயன்படுத்துகிறது, அதுவும் நல்ல தேர்வே. 2 ஜிபி நினைவகத்தை மாற்றாமல், நினைவகத்தில் உள்ளவற்றைச் சுருக்கி வைக்கும் இசட்ராம் வசதியை மட்டும் இயக்கினேன். வைஃபை உடனே வேலை செய்யாதவர்கள், கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (கைப்பேசி இணையத்தைப் பகிர்தல்) மூலம் வைஃபை சில்லை இயக்கும் ஃபர்ம்வேர் நிரலைத் தரவிறக்கிக்கொள்ளலாம்.

சித்தப்பாவுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறை பழக்கமில்லை. அவர் விரல்கள் அறிந்ததெல்லாம் பழைய தட்டச்சுப் பொறியின் விசைப்பலகைதான். லினக்ஸில் தட்டச்சு முறைகளைக் கையாளும் ஐபஸ் மென்பொருளில், பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் தொகுப்பை நிறுவினால் தமிழ்99 உடன் அந்தத் தட்டச்சு முறையும் சேர்ந்தே வருகிறது. அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும், திரையை நிமிர்ந்து பார்க்காமலே முழுப் பத்தி ஒன்றை அடித்து முடித்தார். யூனிகோடு அல்லாத வானவில் எழுத்துருவில் அவர் சேமித்து வைத்திருந்த பழைய கோப்புகள் லிபரே ஆஃபீஸ் என்ற அலுவலக மென்பொருளில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன, அவற்றை எழுத்துரு மாற்றியில் இட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம்.

உலாவியில்தான் கண்டிப்பு வேண்டும். இயங்குதளம் சில நூறு எம்பியில் அடங்கிவிட்டாலும், ஒரு செய்தித்தளத்தின் விளம்பரங்கள் மட்டுமே மீதி நினைவகத்தைத் தின்றுவிடும். பயர்பாக்ஸ் உலாவியில் யுபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை நிறுவியது பெரிய வித்தியாசத்தைக் கொடுத்தது. யூடியூப் அனுப்பும் புதிய வகைக் காணொளிகளை இந்த வரைகலைச் சில்லால் விரிக்க முடியாது, முழுச் சுமையும் செயலியின் மேல் விழும். இந்தச் சில்லால் விரிக்கக்கூடிய எச்.264 காணொளி வடிவத்தையே கேட்டுப் பெறும் நீட்சியை (உலாவிக்கான கூடுதல் நிரலை) சேர்த்து, 480பி அளவில் பார்த்தால் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

மறுமொழி

விரிவான பகிர்வுக்கு நன்றி ஐயா. என்னிடம் இருப்பது ஆட்டம் என்270 செயலியும் 1 ஜிபி நினைவகமும் கொண்ட நெட்புக் (சிறிய மடிக்கணினி). இது உண்மையிலேயே 32 பிட் மட்டும் அறிந்த செயலி, டெபியன் 13இல் அதற்கான நிறுவி இல்லை. டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 என்ற இலகுவான லினக்ஸின் 32 பிட் பதிப்பை நிறுவியிருக்கிறேன். திரை வந்து நிற்கும்போது 200 எம்பி அளவுக்குத்தான் நினைவகம் செலவாகிறது. மின்னூல் படிக்கவும் பாட்டுக் கேட்கவும் நாட்குறிப்பு எழுதவும் எனக்கு அது போதும், இணையத்தை அதில் எதிர்பார்ப்பதில்லை. பேட்டரி உப்பியிருந்ததால் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்திலேயே ஓட்டுகிறேன். மின்சாரம் போனால் எழுதியது போய்விடும் என்பதால், தானாகச் சேமிக்கும் வசதியைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை என்று அமைத்துக்கொண்டேன்.

மறுமொழி

உப்பிய பேட்டரியைக் கழற்றியது மிகச் சரியான முடிவு. அதைக் குத்தவோ வீட்டுக் குப்பையில் போடவோ வேண்டாம், மின்கழிவு சேகரிப்பவர்களிடமே கொடுத்துவிடுங்கள். 32 பிட் லினக்ஸுக்கான ஆதரவை பயர்பாக்ஸ் 145ஆம் பதிப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள், ஆகவே வங்கிக் கணக்கு போன்றவற்றை அந்த நெட்புக்கில் திறக்காமல் இருப்பதே பாதுகாப்பு. நீங்கள் சொல்லும் படிப்பும் பாட்டும் நாட்குறிப்பும் இணையமே இல்லாமல் நடப்பவை, அவற்றுக்கு அது தாராளமாகப் போதும்.