சளியோடு நாயனம் ஊதலாமா? – கோத்தகிரி குடும்பக் குழு

சித்தி: பையனுக்கு நேத்து ராத்திரியிலிருந்து மூக்கடைப்பு, காய்ச்சல் 101. சனிக்கிழமை கோயில்ல வாசிப்பு இருக்கு. காலையில அரை மணி நேரமாவது நாயனம் ஊதட்டுமா அண்ணே?

நர்ஸ் அக்கா: வேண்டவே வேண்டாம் சித்தி. மாத்திரை போடாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருக்கணும். வைரஸ் காய்ச்சல் சில பேருக்கு இதயத் தசையையும் தொடும். அந்த நேரத்துல தம் கட்டி ஊதினா ஆபத்து. நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, படபடப்புன்னு சொன்னா உடனே ஆஸ்பத்திரி.

சித்தி: காய்ச்சல் விட்டு மூக்கடைப்பு மட்டும் இருந்தா?

குன்னூர் மாமா: அப்பவும் சீவாளி (நாயனத்துல ஊதற நாணல் முனை) வாயில வைக்கக் கூடாதும்மா. சீவாளி பேசணும்னா வாய்க்குள்ள காத்தழுத்தம் நிறைய வேணும். மூக்குக்குப் பின்னாலிருந்து காதுக்குப் போற குழாய் சளியில வீங்கியிருக்கும். அழுத்தி ஊதினா கிருமியோட சளி நடுக்காதுக்குள்ள ஏறிடும், காதுவலி, சீழ்னு இழுத்துட்டுப் போகும். மேட்டுப்பாளையம் இறங்கறப்ப காது அடைக்குதே, அதே குழாய்தான். எச்சில் விழுங்கினா காது சட்டுனு விடணும். விடலைன்னா ஊத வேண்டாம்.

சித்தி: அதுவரைக்கும் சாதகம் (பயிற்சி) பண்ணலாமா?

குன்னூர் மாமா: சீவாளியைக் கழட்டிட்டு விரல் மட்டும் ஓட்டட்டும். சுருதிப் பெட்டி மெதுவா, தாளம் காலால. பாதித் துளை மூடற இடமெல்லாம் இப்பதான் சுத்தமாகும். 15 நிமிஷம் போதும், களைச்சா படுத்துக்கட்டும். தொண்டை கரகரன்னு இருந்தா பாடியும் பழக வேண்டாம்.

திரும்ப ஊத ஆரம்பிக்கறப்ப முதல் நாள் 10 நிமிஷம், கீழ் ஸ்வரங்கள் மட்டும். மேல போகப் போக அழுத்தம் கூடும், அதனால தாரஸ்தாயி (மேல் ஸ்வரங்கள்) ரெண்டு மூணு நாள் கழிச்சு. தலை சுத்தினாலோ காது குத்தினாலோ அன்னிக்கு நிறுத்திடணும்.

நர்ஸ் அக்கா: சளி மாத்திரையில வாய் காயும், தூக்கமும் வரும். வெந்நீர் அடிக்கடி கொடுங்க. அவன் சீவாளியை வேற யாரும் வாயில வைக்கக் கூடாது.

குன்னூர் மாமா: இந்த ஈரத்துல அதுதான் பெரிய கவலை. நனைஞ்ச சீவாளியை டப்பாவுல மூடினா பூஞ்சை பிடிக்கும். 2016ல தோராக்ஸ் மருத்துவ இதழ்ல ஒரு பேக்பைப் (காத்துப்பை வச்ச குழல் வாத்தியம்) வாசிப்பவரைப் பத்தி வந்துச்சு. குழாய்க்குள்ள வளர்ந்த பூஞ்சையாலதான் நுரையீரல் கெட்டிருக்கும்னு டாக்டர்கள் சந்தேகப்பட்டாங்க. ஆஸ்திரேலியாவுல 3 மாசம் வாசிக்காம இருந்தப்ப அவருக்கு மூச்சு சீராச்சு. கடைசியில அந்த நோயாலயே இறந்துட்டார். கறுப்புப் புள்ளி இருக்கற சீவாளியைத் தூக்கிப் போடு, யோசிக்காதே. குழலுக்குள்ளயும் குச்சியில துணி சுத்தித் துடைச்சு வை.

சித்தி: சரிண்ணே, எல்லாத்தையும் மொட்டை மாடி வெயில்ல போடறேன்.

குன்னூர் மாமா: நேர் வெயில் வேண்டாம்மா, சீவாளியும் வெடிக்கும் மரமும் வெடிக்கும். நிழல்ல, காத்து வர்ற ஜன்னலோரம்.