வால் முனையில் ஒட்டிய டேக்: லென்டிவைரஸ் அனுபவங்கள்

பிப்பெட்காரி:
சுண்டெலியின் ராப்5 புரதம் செல்லுக்குள் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. நானே பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) கட்டி, 293டி செல்களில் வைரஸ் எடுக்கப் பொறுமையில்லை. மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் லென்டிவைரஸ் துகள்களை ஆயத்தமாக விற்கிறார்கள், அதை வாங்கிவிட்டேன். மரபணுவின் வால் முனையில் மிக், டிடிகே என்று இரண்டு டேக், அதாவது ஆன்டிபாடியால் புரதத்தை அடையாளம் காண ஒட்டும் சிறு துண்டுகள். டிடிகே என்றால் வேறொன்றுமில்லை, எட்டே அமினோ அமிலங்கள் கொண்ட பழைய ஃபிளாக் டேக்தான்.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டை பளிச்சென்று வந்தது, அளவும் சரி. அன்றே வழிகாட்டியிடம் காட்டிவிட்டேன். அந்த அவசரம் வேண்டியதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், எண்டோசோம்களில் (செல்லுக்குள் இருக்கும் சிறு சவ்வுப் பைகள்) புள்ளி புள்ளியாக இருக்க வேண்டிய புரதம் தண்ணீரில் கரைத்த பால்போலச் செல் முழுக்கப் பரவிக் கிடந்தது. ஆன்டிபாடியைச் சந்தேகித்தேன், செல்லைச் சந்தேகித்தேன், நுண்ணோக்கியின் விளக்கைக்கூட மாற்றச் சொன்னேன். மூன்று வாரம் போயிற்று.

ராப்5 புரதத்தின் வால் நுனியருகே சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரண்டு உண்டு. செல் அவற்றில்தான் கொழுப்புச் சங்கிலிகளைப் பூட்டுகிறது; சவ்வில் புரதத்தை மாட்டி வைக்கும் கொக்கி அதுதான். டேக் அதற்குப் பின்னால் வந்து உட்கார்ந்ததும் நுனி நுனியாக இல்லை, கொக்கியும் விழவில்லை. டேக்கைத் தொடக்க முனைக்கு மாற்றியபின் புள்ளிகள் தெரிந்தன. வாலில் இதேபோல் கொக்கி உள்ள ராஸ், ரோ புரதங்களோடு வேலை செய்பவர்களுக்கும் இதே தொல்லை காத்திருக்கிறது.

கிழக்குச் சன்னல்:
என்னை ஏமாற்றியது பட்டையேதான். ஃபிளாக் ஆன்டிபாடியால் புரதத்தைப் பிடித்திழுத்து, அதே ஆன்டிபாடியால் பிளாட்டும் செய்தேன். 50 கிலோடால்டனில் தடித்த பட்டை. என் புரதமும் ஏறக்குறைய அதே எடை, மகிழ்ச்சிக்குக் கேட்பானேன்! பக்கத்தில் வைரஸே போடாத செல்லின் வரிசை. அதிலும் அதே பட்டை. நான் கொண்டாடியது, பிடித்திழுக்கப் போட்ட ஆன்டிபாடியின் கனச் சங்கிலியை; அதன் அந்தப் பெரிய துண்டும் 50 கிலோடால்டன்தான். பிளாட்டுக்கு முயலில் செய்த ஃபிளாக் ஆன்டிபாடியை மாற்றியதும் உண்மைப் பட்டை தெரிந்தது, மெலிதாக.

மைனஸ் எண்பது:
நான் கணக்கில் சறுக்கியவன். செல்லுக்கு ஒரு வைரஸ் வீதம் ஊற்றினால் எல்லாச் செல்லுக்கும் ஒன்று கிடைக்கும் என்று நம்பினேன். தூறல் அப்படியா விழுகிறது? நூற்றில் சுமார் 37 செல்கள் நனைவதே இல்லை, சிலவற்றில் இரண்டு மூன்று விழுகின்றன. போதாததற்கு, குழாயில் எழுதியிருந்த டைட்டர் (தொற்றும் வைரஸின் செறிவு) எளிதில் தொற்றும் செல்களில் அளந்தது. நான் வைத்திருந்ததோ சுண்டெலி மூளையிலிருந்து எடுத்த நரம்புச் செல்கள். தொற்றைக் கூட்டும் பாலிபிரீன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பார்த்தேன், தொற்று கூடுவதற்கு முன் செல்கள் செத்தன. மிச்ச வைரஸை மறுபடி உறைய வைத்து உருக்கியதில் இருந்த வீரியமும் குறைந்தது.

இப்போதெல்லாம் முதல் முறை உருக்கும்போதே சிறு சிறு குழாய்களாகப் பிரித்துவிடுகிறேன். அதில் ஒன்றுக்குப் பெயர் எழுத மறந்தேன். பெட்டியின் மூலையில் இன்னும் இருக்கிறது; எந்த மரபணு என்று எனக்கே தெரியாது.