கால் எட்டாத பெரிய மோட்டார்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

லிந்தாங் ரோட்

என் மோட்டார்சைக்கிள் ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வின். சீட்டைக் கீழ்த்தட்டில் வைத்தாலும் தரையிலிருந்து 850 மில்லிமீட்டர். என் உயரம் ஐந்தடி நான்கு. மீதி உங்களுக்கே தெரியும்.

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போய், தோட்டத்துக் கோயிலுக்குத் திரும்பும் சந்து. ஆடிக் கூழ் ஊற்றும் நாள், இரண்டு பக்கமும் கார். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி. ஒதுங்கி நின்றேன். நின்ற இடத்தில் ரோடு லொங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய்ப் பக்கமாகச் சரிந்திருந்தது. இடது காலை இறக்கினால் தரையைக் காணோம், நான்கு விரல் கீழே இருக்கிறது.

மோட்டார் இன்னும் விழவில்லை, ஆனால் கிளம்பிவிட்டது. தொடை நடுங்குகிறது. பின்னால் வந்த ஓர் அக்கா, ஒரு கையில் கூழ்த் தூக்கு, மற்றக் கையைப் பக்கப் பெட்டியில் வைத்தார். வைத்தார், அவ்வளவுதான். "புடிச்சிருக்கேன் தம்பி, மெதுவா காலை ஊனு." தூக்கில் இருந்த கூழ்கூடத் தளும்பவில்லை. 226 கிலோவை ஒரு கையால் எப்படி நிறுத்தினார்? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ரொட்டிக்கடை

எனக்கு உயரம் தந்த தொல்லையைவிட உயரத்தைக் குறைத்தது தந்த தொல்லைதான் பெரிது. என் வண்டி கவாசாகி வெர்சிஸ் 650. ஒரு பட்டறையில் பின் சஸ்பென்ஷனை இணைக்கும் லிங்க் துண்டை மாற்றி மூன்று சென்டிமீட்டர் இறக்கிக் கொடுத்தார்கள். கால் நன்றாக எட்டியது. சைட் ஸ்டாண்டை மட்டும் யாரும் தொடவில்லை.

மாமாக் சாப்பாட்டுக் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே தே தாரிக் டீ சொன்னேன். வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்டு அதே நீளம், அதனால் சாயாமல் விறைப்பாக நிற்கிறது. பெரிய ரோட்டில் ஒரு டிரெய்லர் போனது. அந்தக் காற்றுதான். வலது பக்கம் சாய்ந்து வரிசையாக நின்ற சின்னக் கப்சாய் மோட்டார்கள் மேல் படுத்துக்கொண்டது. முதல் கப்சாயின் சொந்தக்காரன், சின்னப் பையன், பாதி ரொட்டியோடு ஓடி வந்து குனிந்து, "அடிபட்டுச்சா?" என்றான். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, வெர்சிஸைப் பார்த்துக் கேட்டான். தன் வண்டியை அப்புறம்தான் திரும்பிப் பார்த்தான்.

ஸ்டாண்டை அறுத்து ஒட்டிய பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை. குட்டையாக இருப்பவர்கள் தயங்காமல் இறக்குங்கள்.

முன்சக்கரம்

ரொட்டிக்கடை அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கதை சின்னது: சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறும்போது, இறக்கிய வண்டி ஒன்று வளைவில் அடித் தகட்டை ரோட்டில் உரசித் தீப்பொறி பறக்க எனக்கு முன்னால் போனது. ஓட்டியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குச் சத்தம் கேட்கவே இல்லை போல. எனக்கு இன்னும் கேட்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பின்பக்கத்தை மட்டும் இறக்கினால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் சாய்வு கூடிவிடும், ஸ்டீயரிங் மந்தமாகும். ஃபோர்க்கையும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் அதற்கேற்ற அளவு மேலே ஏற்றிக் கட்ட வேண்டும். அதைச் செய்தால் முன்பக்கமும் தரைக்கு நெருங்கும். ஸ்பிரிங்கின் முன் இறுக்கத்தை, அதாவது பிரீலோடைத் தளர்த்தி இறக்குகிறேன் என்பவர்களுக்கு: சீட் கொஞ்சம் இறங்கும், ஆனால் குழியில் விழுந்தால் சஸ்பென்ஷன் அடிவரை போய் இடிக்கும். நம் தோட்ட ரோட்டில் குழி இல்லாத இடம் எது என்று சொல்லுங்கள்.

முதலில் சீட்டைப் பாருங்கள். உயரத்தைவிட அகலம்தான் காலைத் தடுக்கிறது. முன்பக்கத்து ஓரங்களில் நுரையைச் சீவி ஒடுக்கினாலே கால் நேராக இறங்கும். அப்புறம் ஓட்டும் பழக்கம். இரண்டு காலும் எட்ட வேண்டும் என்று யார் சொன்னது? நிற்பதற்குச் சற்று முன்னாலேயே பிட்டத்தை இடது பக்கம் நகர்த்துங்கள். இடது கால் முழுப் பாதமும் ஊன்றும், வலது கால் பின் பிரேக்கில் இருக்கும். ஹேண்டில் நேராக இருக்கும்போது நில்லுங்கள். திருப்பிய ஹேண்டிலில் முன் பிரேக்கை அழுத்தினால் எந்த வண்டியும் அந்தப் பக்கம் படுக்கும். ரோடு சரிந்திருந்தால் மேட்டுப் பக்கத்துக் காலைத்தான் இறக்க வேண்டும். லிந்தாங் ரோட் நண்பருக்கும் அன்றைக்கு வலது காலை இறக்கியிருந்தால் அக்கா தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்று, எண்ணெய். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. பிஎம்டபிள்யூ ஜிஎஸ் அட்வென்ச்சர் மாதிரி 30 லிட்டர் தொட்டி என்றால் 22 கிலோ, அதுவும் உச்சியில். ஊருக்குள் சுற்ற அரைத் தொட்டி போதும். மேல்பெட்டியில் டூல்ஸை வைக்காதீர்கள், பக்கப் பெட்டியில் அடியில் வையுங்கள்.

லிந்தாங் ரோட்

யோசனை கேட்கவில்லை அண்ணே, கதைதான் கேட்டேன். வலது பக்கம் லாரி இருந்தது.

அறிவியல் டீச்சர்

நான் ஐந்தடி ஒன்று, சிபி500எக்ஸ், சீட் 830. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் முதலில் அந்த அக்காவின் கணக்கு. 226 கிலோ வண்டி நேர்நிலையிலிருந்து ஐந்து டிகிரி சாய்ந்திருந்தால், பெட்டி உயரத்தில் கை வைத்து நிறுத்தப் பதினைந்து கிலோ அளவு விசை போதும். ஓட்டுபவர் எடையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். அதே வண்டி முப்பது டிகிரி போய்விட்டால் எண்பது கிலோ பக்கம் வேண்டும். அக்காவிடம் பலம் இருந்ததோ இல்லையோ, வந்த நேரம் சரி.

என் கதை இதற்கு நேர் எதிர். எண்ணெய் நிலையத்தில் ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஒரு அண்ணன், "பார்த்துமா, பார்த்து" என்று ஓடி வந்து முன்னால் நின்று ஹேண்டிலைப் பிடித்தார். நான் ஏற்கெனவே பிட்டத்தை நகர்த்தி ஒரு காலில் நிற்கிறேன், வண்டி என் இடுப்பில் சாய்ந்து நிம்மதியாக இருக்கிறது. அவர் பிடித்த வேகத்தில் ஹேண்டில் திரும்பியது, சமநிலை போனது, 199 கிலோவும் என்னை விட்டு அந்தப் பக்கம் போனது. விழுந்த பிறகு அவர் சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்: "நான் புடிக்கலேன்னா இன்னும் மோசமா விழுந்திருக்கும்."

அந்த வாக்கியத்துக்கு அங்கேயே பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. உதவ வருகிறவர்கள் பின்னால் பெட்டியையோ பின்சீட்டுக் கைப்பிடியான கிராப் ரெயிலையோ பிடியுங்கள், ஹேண்டிலைத் தொடாதீர்கள். கேட்டுவிட்டுப் பிடித்தால் இன்னும் நல்லது.

பழைய தோட்டம்

டீச்சர்மா சொல்வது சரி. ஆனால் பெண் பிள்ளை தடுமாறினால் ஓடத்தான் செய்வோம், அதைக் குற்றம் சொல்லக்கூடாது.

அறிவியல் டீச்சர்

தடுமாறவில்லை அங்கிள். அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

பழைய தோட்டம்

சரிம்மா.

நான் வி-ஸ்ட்ரோம் 650 வைத்திருக்கிறேன், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சுங்கை சிப்புட் லாசா பக்கம் செம்பனைக்குள்ளே மண் ரோட்டில் மழை. வண்டி வலது பக்கம் படுத்துவிட்டது. அரை மைலுக்கு ஆளில்லை. கைப்பேசியில் சிக்னல் கோடும் இல்லை.

இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டிகளைக் கழற்றினேன். முதல் கியர் போட்டேன், உருளாமல் இருக்க. வலது பக்கம் விழுந்தால் ஒரு வசதி, தூக்குவதற்கு முன்பே சைட் ஸ்டாண்டை நீட்டி வைத்துக்கொள்ளலாம். பிறகு முதுகை சீட்டில் கொடுத்துக் குந்தினேன். ஹேண்டிலைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்பி ஒரு கை அதில், மற்றக் கை பின்னால் சட்டத்தில். காலால் தள்ளிப் பின்னோக்கி அடியடியாக நடக்க வேண்டும். நடந்தால் வண்டி எழுகிறது, ஆனால் செம்மண் குழம்பில் டயரும் வழுக்குகிறது, என் பூட்ஸும் வழுக்குகிறது. பாதி எழுந்து மறுபடி படுக்கும்.

அப்போதுதான் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த செம்பனை மட்டைகள் கண்ணில் பட்டன. இரண்டை இழுத்து டயருக்குக் கீழே முட்டுக் கொடுத்தேன், இரண்டைக் காலுக்குக் கீழே போட்டேன். முள் பக்கம் பார்த்துப் போட வேண்டும். எழுந்துவிட்டது.

எழுந்து நின்ற பிறகு பார்த்தால், கொஞ்ச தூரத்தில் குலை வெட்டும் வங்காளதேசத் தம்பி ஒருவன் அலக்கைத் தோளில் போட்டபடி நிற்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியாது. கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டான். ஏனப்பா கை கொடுக்கவில்லை என்று கேட்க நினைத்தேன், மழைச் சத்தத்தில் கேட்டிருக்காது.

முன்சக்கரம் தம்பிக்கு ஒரு வார்த்தை. அகலம், உயரம் எல்லாம் சரிதான். இந்த வயதில் எனக்குக் கால் எட்டுகிறதா என்பதைவிட, விழுந்தால் தனியாகத் தூக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கடையில் வாங்கும்போதே புல்தரையில் படுக்க வைத்துத் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் விட மாட்டார், நண்பன் வண்டியில் பாருங்கள்.

ஈப்போ 1300

இதெல்லாம் இனி தேவையில்லை. 2021இல் ஹார்லி பான் அமெரிக்கா வந்தபோதே நின்றால் தானே இறங்கும் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. பிஎம்டபிள்யூ ஆர்1300ஜிஎஸ்ஸிலும் அப்படி ஒன்று தனியாகக் காசு கட்டிப் போடலாம். நிற்கும்போது சீட் 820, வேகம் எடுத்தால் 850.

ரொட்டிக்கடை

அந்த விலைக்கு என் தாமான் குடியிருப்பில் பாதி வீடு வாங்கலாம் பாஸ்.

முன்சக்கரம்

அப்படியே வாங்கினாலும் எடை 237 கிலோ. அது இறங்காது. மண் ரோட்டில் படுத்தால் மட்டை தேடத்தான் வேண்டும்.

லிந்தாங் ரோட்

டீச்சர், பதினைந்து கிலோ கணக்குக்கு நன்றி. அப்படியானால் பெட்டியில் வைத்த கை இன்னும் மேலே, மேல்பெட்டியில் வைத்திருந்தால் அதைவிடக் குறைந்த விசை போதுமா?

அறிவியல் டீச்சர்

போதும். தரையிலிருந்து கை எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு விசை குறையும். ஆனால் மேல்பெட்டியின் பூட்டு நன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி மட்டும் கையில் வரும்.