புதுப்பிப்பு: கடலோரக் காவல் படை நாவிக் தேர்வு – ஓபிசி சான்றிதழ் சிக்கல் தீர்ந்தது

தமிழக அரசின் எம்பிசி (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்) சாதிச் சான்றிதழ் இந்தியக் கடலோரக் காவல் படையின் நாவிக் (பொதுப்பணி) எனும் மாலுமிப் பணிக்குச் செல்லுமா என்று தம்பிக்காகக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் தனி ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வாங்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தது. முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், மாநிலப் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. இந்தச் சான்றிதழுக்கான ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். அதில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமலே பலர் பொதுப்பிரிவில் போட்டு 3 ஆண்டு வயதுத் தளர்வை இழக்கிறார்கள்.

உடற்தகுதி: 1.6 கி.மீ. ஓட்டம் 7 நிமிடத்துக்குள், உட்கார்ந்து எழுந்திருத்தல் 20, தண்டால் 10. மூன்றுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது, பயிற்சியையும் அப்படியே செய்யுங்கள்.

எதிர்பாராதது மருத்துவப் பரிசோதனையில்தான்: காதில் அழுக்கு இருந்தால் செவிப்பறையைப் பார்க்க முடியாது. காதையும் பல் காரையையும் முன்னதாகவே மருத்துவரிடம் சுத்தம் செய்துகொண்டு போங்கள்.