சிவில் படித்தவர் நகரமைப்பாளர் ஆகலாமா?

ஈரோட்டுப் பொறியாளர்:

வணக்கம். சிவில் பொறியியல் முடித்து நான்கு ஆண்டுகளாக ஒரு கட்டுமான நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். மனைப்பிரிவு வரைபடங்களைத் தயாரிப்பதும், கோப்புகளுடன் அரசு அலுவலகங்களுக்கு அலைவதுமே என் வேலையில் பாதி. சாலை எவ்வளவு அகலம், பூங்கா எந்த மூலையில் என்று முடிவு செய்யும் இடத்துக்கு நானும் போக வேண்டும் என்ற எண்ணம் அந்த அலைச்சலில்தான் வந்தது. ஆனால் நகரமைப்பு முதுகலைப் படிப்பான எம்.பிளான். படிப்பதென்றால் இரண்டு ஆண்டுச் சம்பளத்தை விட வேண்டும், வீட்டிலோ, "மனை போடுகிற வேலைக்கு முதுகலை எதற்கு?" என்று கேட்கிறார்கள். கட்டடக்கலை படிக்காத எனக்கு இத்துறையில் இடம் உண்டா? படித்து முடித்தபின் உண்மையில் என்ன வேலைதான் செய்வேன்?

ஓய்வுபெற்ற ஊரமைப்பாளர்:

தம்பி, உங்கள் வீட்டார் கேட்டதில் தவறில்லை. "டி.டி.சி.பி. அப்ரூவல் பெற்ற மனை" என்ற விளம்பரப் பலகையின் வழியாகத்தான் நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) என்ற நம் துறையையே மக்கள் அறிவார்கள். இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் அறுபது அடிச் சாலை ஒன்றைக் கோடாக இழுக்க அரை நாள் போதும். அந்தக் கோடு எத்தனை புல எண்களை வெட்டுகிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது, குறுக்கே வாய்க்கால் புறம்போக்கு வருகிறதா என்று பார்ப்பதற்கு மாதங்கள் ஆகும். அதன்பின் வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு, 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38-ஆம் பிரிவு என்று ஒன்று காத்திருக்கிறது. திட்டத்தில் ஒதுக்கப்பட்ட நிலத்தைக் கையகப்படுத்துவதற்கான நடவடிக்கை மூன்று ஆண்டுகளுக்குள் எடுக்கப்படாவிட்டால், அந்நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கருதப்படும். நிலத்துக்கு உரியவர் நீதிமன்றம் சென்று அதை உறுதி செய்துகொள்வார். அவர்மீதும் குறை சொல்ல முடியாது, விற்கவும் கட்டவும் முடியாமல் எத்தனை ஆண்டுகள்தான் காத்திருப்பார்? ஆனால் நடுவில் ஒரு துண்டு போய்விட்டால் சாலையே போன மாதிரிதான். நான் வரைந்த சாலைகளிலும் இப்படித் தொடக்கமும் முடிவும் இருந்து நடுப்பகுதி இல்லாதவை உண்டு. ஆகவே வரைவதைவிட, எதை வரைந்தால் நிறைவேறும் என்று கணிப்பதே இந்த வேலை.

இடையில் ஒரு செய்தி. பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1914-இல் நகரமைப்புக் கண்காட்சியுடன் சென்னைக்குப் புறப்பட்டபோது, கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. மனிதர் அசரவில்லை; வேறு பொருள்களைத் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து, பழைய தெருக்களை ஒரேயடியாக இடித்து அகலப்படுத்துவதற்குப் பதிலாக, பாழடைந்த வீடுகளை மட்டும் நீக்கிச் சிறு திறந்தவெளிகளை உண்டாக்கலாம் என்று வாதிட்டார். 38-ஆம் பிரிவோடு மல்லுக்கட்டிய எனக்கு, அவர் சொன்னது அறிவுரையாக மட்டுமல்ல, செலவுக் கணக்காகவும் சரியென்றே படுகிறது.

கன்சல்டன்சி நகரமைப்பாளர்:

சேர்க்கையைப் பற்றி நான் சொல்கிறேன். எம்.பிளான். படிப்புக்கு சிவில் பட்டதாரிகளும் தகுதியுடையவர்களே. மத்திய அரசுக் கல்வி நிறுவனங்கள் பெரும்பாலும் கேட் தேர்வு மதிப்பெண்ணைப் பார்க்கின்றன; அண்ணா பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு சீட்டா நுழைவுத் தேர்வு உண்டு. அரசுப் பணிக்கு வர விரும்பினால், நகர் ஊரமைப்பு உதவி இயக்குநர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும். நாட்டின் மாநில நகரமைப்புத் துறைகளில் ஒப்புதல் பெற்ற 3,945 நகரமைப்பாளர் பணியிடங்களில் 42 விழுக்காடு காலியாக இருப்பதாக 2021-இல் நிதி ஆயோக் அறிக்கை கூறியது. அதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள். காலியிடம் இருப்பது வேறு, அதை நிரப்ப அறிவிப்பு வருவது வேறு.

என்னைப் போன்றவர்கள் இருப்பது தனியார் ஆலோசனை நிறுவனங்களில். முழுமைத் திட்டம், போக்குவரத்து ஆய்வு போன்ற பணிகளை அரசு அமைப்புகள் ஒப்பந்தத்தில் தருகின்றன. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஊர். ஜி.ஐ.எஸ். என்ற புவியியல் தகவல் மென்பொருளை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள், படிப்பு முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

ஈரோட்டுப் பொறியாளர்:

இருவருக்கும் நன்றி. கட்டடக்கலை படித்தவர்களுடன் ஒரே வகுப்பில் அமர்ந்தால் வரைவதில் பின்தங்கிவிடுவேனோ என்ற தயக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது.

எம்.பிளான். மாணவி:

முதல் பருவத்தில் பின்தங்குவீர்கள், அண்ணா. எங்கள் வகுப்பு சிவில் நண்பர்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் நிலப்பயன்பாட்டு ஆய்வுக்காக மூன்று வாரம் வெயிலில் தெருத் தெருவாக நடந்து, கீழே கடை, மேலே வீடு, பின்னால் பட்டறை என்றிருக்கும் கட்டடத்துக்கு வரைபடத்தில் எந்த நிறம் பூசுவதென்று சண்டையிட்டபோது, அழகாக வரையத் தெரிந்தவர்களுக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. தரைமட்டத்தைப் பார்த்து மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொன்னதும் சிவில் நண்பர்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் அது சிறிய திறமையாகத் தெரியாது.

ஓய்வுபெற்ற ஊரமைப்பாளர்:

விண்ணப்பிக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடுங்கள், தம்பி. உங்கள் ஊரின் திட்ட வரைபடத்தில் ஏதாவது ஒரு திட்டச் சாலையைத் தேர்ந்தெடுத்து, புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு முனை முதல் முனை வரை நடந்து பாருங்கள்.

ஈரோட்டுப் பொறியாளர்:

ஐயா, நேற்று நடந்தேன். முக்கால் கிலோமீட்டர் தாண்டியதும் சாலை ஒரு தென்னந்தோப்பு வேலியில் முட்டி நிற்கிறது. தோப்புக்கு அப்பால், அதே கோட்டின் மேல், ஒரு கல்யாண மண்டபம். வரைபடம் வெளியான பிறகே மண்டபம் கட்டப்பட்டதாக அங்கிருந்த பெரியவர் சொன்னார். அதற்கு அனுமதி கொடுத்த கோப்பை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்பதா, ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்பதா?