மஸ்டாங் இறக்கை வெள்ளையாகிவிட்டது, அவசர உதவி

சாட்ஸ்வர்த்வாசி:
மூன்று வாரம் உட்கார்ந்து செய்த பிளாஸ்டிக் மாடல், கொரியப் போரில் பறந்த நம் தென்னாப்பிரிக்க விமானப்படை 2ஆம் ஸ்குவாட்ரனின் மஸ்டாங் போர் விமானம். கடைசியாக மேலே கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடித்தேன். பத்தே நிமிடத்தில் இறக்கை முழுக்கப் பால் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. மூக்குப் பக்கம் வேறு சுருங்கிக் கிடக்கிறது. துடைத்தாலும் போகவில்லை. சனிக்கிழமை மகன் பள்ளிக்கு எடுத்துப் போக வேண்டும். என்ன செய்யலாம்?

ஒட்டுப்பசை:
எந்த பெயிண்ட்? எந்த கிளியர்? ஸ்பிரே டப்பாவா, ஏர்பிரஷ்ஷா (காற்றழுத்தத்தில் தெளிக்கும் கருவி)? எப்போது அடித்தீர்கள்? படம் போடுங்கள் அண்ணா.

லெனேசியாக்காரன்:
கேட்கவே வேண்டாம், ஈரப்பதம்தான். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். உங்கள் கடலோர டர்பனில் பிப்ரவரி மழையில் அடித்தால் வேறென்ன ஆகும்? இங்கே ஜோஹன்னஸ்பர்க்கில் எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

கரும்புக்காடு:
அப்போ கடலோரத்தில் இருப்பவன் மாடலே செய்யக்கூடாதா? டப்பாவைக் குலுக்காமல் அடித்திருப்பார். எனக்கு மேட் வார்னிஷில் (பளபளப்பில்லாத பூச்சு) அப்படித்தான் ஆனது. பிரேக் ஆயிலில் ஊறப் போடுங்கள், எல்லாம் உரிந்துவிடும்.

ஒட்டுப்பசை:
இவருக்கு எதற்கெடுத்தாலும் பிரேக் ஆயில். அண்ணா, ஊறப் போடாதீர்கள், முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த்வாசி:
1/48 அளவு மாடல் (நிஜத்தில் 48இல் ஒரு பங்கு). வெள்ளி நிறம் ஹார்டுவேர் கடை ஸ்பிரே, போன வாரம் அடித்தது. மூக்கில் மட்டும் எனாமல் (எண்ணெய் பெயிண்ட்), பிரஷ்ஷால், முந்தின நாள் ராத்திரி. கிளியர் கார்களுக்கு அடிக்கிற லேக்கர் (வீரியமான கரைப்பான் கலந்த பூச்சு). வெளியே மழை, கரண்டும் இல்லை, கராஜில் வைத்து அடித்தேன். படம் இதோ.

பழைய தூரிகை:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் நான்கு பேர் நேரம் மிச்சம். நூறு தடவை சொல்லிவிட்டேன், யாரும் படிப்பதில்லை. இங்கே இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறு. இறக்கை ஈரத்தால் வெளுத்தது. மழை விட்ட நாளில் அதே கிளியரை மெல்லிய ஒரு கை அடித்தால் பழைய படலம் இளகி, ஈரம் வெளியேறித் தெளியும். முதலில் அடிப்பக்கத்தில் சோதித்துப் பாருங்கள். மூக்கு வேறு கதை. எனாமல் உள்ளே காயப் பல நாள் ஆகும். அதன்மேல் லேக்கர் பட்டால் ஊதிச் சுருங்கத்தான் செய்யும். அதைக் காப்பாற்ற முடியாது. டர்பென்டைன் தொட்ட பஞ்சால் எடுங்கள், சோப்புத் தண்ணீரில் கழுவி, அக்ரிலிக் பெயிண்ட் பூசுங்கள். அசிட்டோன் பக்கமே போக வேண்டாம், பிளாஸ்டிக்கே கரைந்துவிடும்.

கரும்புக்காடு:
மேலேயுள்ள லேக்கரை டர்பென்டைன் எடுக்காதல்லவா?

பழைய தூரிகை:
சுருங்கின இடத்தில் வெடிப்பு இருக்கும், அதன் வழியே இறங்கும். இல்லாவிட்டால் மெல்ல ஈர சாண்ட்பேப்பர் போடட்டும்.

லெனேசியாக்காரன்:
அதெல்லாம் சரி, படத்தைப் பார்த்தீர்களா? கொரியாவில் பறந்த நம் 2ஆம் ஸ்குவாட்ரன் மஸ்டாங் என்கிறார், வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு! இரண்டாம் உலகப் போரிலேயே தென்னாப்பிரிக்க விமானப்படை சிவப்பை விட்டு ஆரஞ்சுக்கு மாறிவிட்டது. கொரியாவில் நடுவில் இருந்தது ஆரஞ்சு ஸ்பிரிங்பாக் மான்.

ஒட்டுப்பசை:
பெட்டியில் வந்த ஸ்டிக்கர் பிரிட்டிஷ்காரனுடையதாக இருக்கும். பையன் பள்ளிக்குப் போகிறான், மியூசியத்துக்கா போகிறான்?

லெனேசியாக்காரன்:
டீச்சர் கேட்டால்?

பழைய தூரிகை:
சின்னத்தை விடுங்கள். மஸ்டாங்கின் உடல்தான் பளபள அலுமினியம். இறக்கையில் தொழிற்சாலையிலேயே இடுக்குகளைப் புட்டியால் அடைத்து, மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள், காற்று வழுக்கிப் போக. இவர் இரண்டையும் ஒரே பளபளப்பில் அடித்திருக்கிறார். உண்மையில் இறக்கை கொஞ்சம் மங்கலாக இருப்பதுதான் சரி.

கரும்புக்காடு:
அப்போ வெளுத்ததை அப்படியே விட்டிருக்கலாமே, இவ்வளவு நேரம் எதற்குப் பாடம் எடுத்தீர்கள்?

பழைய தூரிகை:
மங்கல் வேறு, பால் வேறு தம்பி.

சாட்ஸ்வர்த்வாசி:
இறக்கை தெளிந்துவிட்டது. மூக்கு பாதிதான். பையன் அதோடேயே எடுத்துப் போய்விட்டான். நன்றி எல்லாருக்கும்.

ஒட்டுப்பசை:
எது வேலை செய்தது அண்ணா? அதே கிளியரா?

ஒட்டுப்பசை:
அண்ணா?